இத்தா அறைக் கம்பியூட்டர்

பண்டாரவளை
02.04.1988

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இது ஆறுதல் கேட்டு எழுதும் கடிதம் இல்லை. உங்கள் தந்தி கிடைத்தது. பொறுமை செய்யச் சொல்லியிருந்தீர்கள். செய்துகொண்டுதான் இருக்கிறேன். கேட்க வந்தது வேறு விஷயம். எங்கள் கம்பியூட்டர் சூடாகிறது.

நீங்கள் தம்மாமில் கம்பியூட்டர் திருத்தும் கம்பனியில் வேலை செய்வதாக உம்மா சொன்னார். ஆறு வருஷமாக நாம் ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை. டைப்ரைட்டர் திருத்துகிறவனுக்கா தங்கச்சியைக் கொடுப்பது என்று நிக்காஹுக்கு வராமல் இருந்தீர்கள். அவருடைய ஜனாஸாவுக்கும் வரவில்லை. அதைப் பற்றி எனக்கு இப்போது கோபமும் இல்லை. எதுவுமே இல்லை. சோறு வாய்க்குள் போனால் சோறு என்று தெரிகிறது, அவ்வளவுதான். நான் அழவில்லை என்று வந்துபோன பெண்கள் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

உங்களுக்கு யாரும் விவரமாக எழுதியிருக்க மாட்டார்கள். அவர் ஹல்துமுல்லையில் ஒரு தோட்டத்து ஆபீஸ் டைப்ரைட்டரைத் திருத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பெரகலச் சந்திக்கு மேலே நல்ல பனி. எதிரே வந்த லொறிக்காரனுக்குத் தெரியவில்லை. ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டுவரும்போது பொழுதுபட்டு மஃரிப் ஆகிவிட்டது.

இப்போது வீட்டில் நானும் மகனைப் பறிகொடுத்த மாமியும் மட்டும். டைப்ரைட்டிங் வகுப்போடு போன வருஷம் கொழும்பிலிருந்து ஒரு கம்பியூட்டரும் கொண்டுவந்து வைத்திருந்தார். ஏழு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. முன்னறையில் வகுப்பு நடத்த முடியாது. அதனால் மெஷினைத் தூக்கி என் அறைக்குள் வைத்தோம். பிள்ளைகள் உள்ளே வந்து படிக்கிறார்கள்.

அன்றிலிருந்து சனியன் பிடித்துவிட்டது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மெஷினைப் போட்டால் மஃரிபுக்கு முன்னமே பச்சை எழுத்து அப்படியே நின்றுவிடும். எந்தக் கட்டையைத் தட்டினாலும் அசையாது. அணைத்து ஆறவிட்டால் மறுபடி ஓடும். ரேடியோ திருத்துகிறவரை மாமி கூப்பிட்டார். முன்னறைக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார். அங்கே சொல்லிவைத்த மாதிரி ஓடியது. "ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே வந்தால் பழைய கதை.

இத்தா முடிந்ததும் வகுப்பை மூடிவிட்டு என்னை உம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மாமியின் மூத்த மகன் லத்தீப் மச்சான் பேச ஆரம்பித்துவிட்டார். ஓடாத மெஷினை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல? அது ஓடினால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் வந்தால் நான் இந்த வீட்டில் என் காலில் நிற்பேன். இவ்வளவுதான் விஷயம்.

முடிந்தால் பதில் போடுங்கள். முடியாவிட்டால் அதையாவது எழுதுங்கள்.

ஜெனீரா

---

தம்மாம்
17.04.1988

அன்புத் தங்கச்சி ஜெனீராவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. நிக்காஹ் கதையை விடு. மெஷின் கதைக்கு வருவோம்.

இங்கே வெயில் காலத்தில் வெளியே கை வைத்தால் தோல் உரியும். அப்படிப்பட்ட ஊரில் நான் பார்க்கிற மெஷின்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. பண்டாரவளைக் குளிரில் ஒரு மெஷின் சூடாகிறது என்று சொன்னால் இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சொல்லவில்லை. நானே சிரித்துக்கொண்டேன்.

ரேடியோக்காரன் கண்டுபிடிக்காததை நீயே கண்டுபிடித்து எழுதியிருக்கிறாய், உனக்குத்தான் விளங்கவில்லை. முன்னறையில் ஓடுகிறது, உள்ளறையில் நிற்கிறது. அப்படியென்றால் நோய் வருத்தம் மெஷினுக்கு மட்டும் இல்லை, அறைக்கும் இருக்கிறது. நான் கேட்பதற்கெல்லாம் பதில் எழுது, கதை எழுதாதே.

ஜன்னல் திறந்திருக்கிறதா? மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம்? மேலே ஏதாவது போட்டு மூடியிருக்கிறீர்களா? பின்பக்கம் கம்பி வலை போட்ட ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் சின்ன விசிறி சுற்றும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. மெல்லிய கடதாசியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து அதன் முன்னால் பிடி. வெளிப்பக்கம் பறந்தால் விசிறி வேலை செய்கிறது. சும்மா தொங்கினால் இல்லை.

இன்னொன்று. பதுளை வீட்டு மேல்மாடியை முடித்துவிட்டேன். ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. உன் மதினி ஸகீனாவும் தனியாகத்தான் இருக்கிறாள். இத்தா முடிந்து நீ அங்கே வந்து இருக்கலாம். அந்நிய வீட்டில் எதற்கு?

நானா
ஷுக்ரி

---

பண்டாரவளை
04.05.1988

நானாவுக்கு,

ஸகீனா மதினி நல்லவர். ஆனால் இது அந்நிய வீடு இல்லை. இனி அதை எழுதாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஜன்னல் திறப்பதில்லை. தெருப் பக்கத்து ஜன்னல், அதனால் ஆணி அடித்துப் பூட்டியிருக்கிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் வெள்ளைத் திரை. மேசை சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறது, பிள்ளைகள் உட்கார இடம் வேண்டுமே. மெஷினுக்கு மேலே மாமி பின்னிய நூல் விரிப்பு. டீவி உள்ள வீட்டில் டீவிக்குப் போடுகிற மாதிரி. பின்னால் தொங்குகிற அளவுக்குப் பெரிது.

இதை எழுதும்போதே எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

விரிப்பை எடுத்துவிட்டேன். மேசையை ஒரு சாண் இழுத்துப் போட்டேன். இப்போது முன்னைவிடக் கொஞ்சம் கூட நேரம் ஓடுகிறது, ஆனால் நிற்கத்தான் செய்கிறது. கடதாசி பறக்கவில்லை. வயசாளியின் கை மாதிரி லேசாக நடுங்குகிறது. விசிறிச் சத்தமும் சரியில்லை. தொண்டையில் சளி இருக்கிறவர் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது.

பிள்ளைகளில் ஒருத்தி பாக்கியலெட்சுமி. பூனாகலையிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு கொழுந்தெடுக்க அனுப்பப் பார்த்தார்களாம், அடம்பிடித்துப் படித்திருக்கிறாள். தோட்டத்து ஆபீஸுக்குக் கம்பியூட்டர் வரப்போகிறதென்று கேள்விப்பட்டு வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். மெஷின் நிற்கும்போதெல்லாம் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். நேற்று "டீச்சர், மூடியக் கழட்டிட்டு ஓட்டிப் பாக்கலாமாங்க? நாங்க அடுப்பு ரொம்ப எரிஞ்சா அப்படித்தாங்க செய்வோம்" என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. ஆனாலும் உங்களைக் கேட்காமல் கை வைக்கவில்லை.

நோன்பு வைத்துக்கொண்டு இவ்வளவும் எழுதினேன். அவருக்கு நாற்பதாம் நாள் கத்தம் போன மாதம் ஓதினார்கள். வீடு நிறைய ஆட்கள். நான் அறைக்குள் உட்கார்ந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கோ ஓதுகிறார்கள் போல இருந்தது.

ஜெனீரா

---

தம்மாம்
20.05.1988

ஜெனீரா,

பெருநாள் முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்தேன். ஈத் முபாரக் என்று உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அந்தப் பூனாகலைப் பிள்ளை கெட்டிக்காரி. ஆனாலும் மூடியைக் கழற்றி ஓட்டாதே. மூடி இருந்தால்தான் காற்று முன்வாயால் நுழைந்து உள்ளே உள்ள சர்க்கிட் பலகைகளின் மேலே போய்ப் பின்வாயால் வெளியேறும். கழற்றினால் காற்று கிட்ட உள்ள வழியால் போய்விடும். சூடாகிற இடம் சூடாகவே கிடக்கும். அடுப்பு வேறு, இது வேறு.

இப்போது திறந்து துப்புரவாக்க வேண்டும். பயப்படாதே, சொல்கிற மாதிரி செய். முதலில் கரண்ட் வயரைச் சுவரிலிருந்து கழற்று. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதே. பின்பக்கத்து ஓரத்துத் திருகாணிகளைக் கழற்றி ஒரு பீங்கானில் போட்டுவை, இல்லாவிட்டால் தேடித் திரிவாய். மூடியை முன்பக்கமாக இழு, மேலே தூக்காதே. புது பெயின்ட் பிரஷ் ஒன்று வாங்கி மெதுவாகத் தூசியைத் தட்டு. வாயால் ஊதாதே, எச்சில் படும். உள்ளே மூலையில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். விசிறி அதற்குள்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதே. கரண்ட் கழற்றின பிறகும் அது அடிக்கும். நான் அடி வாங்கியவன், சொல்கிறேன்.

பின்பக்கம் நீட்டு ஓட்டைகள் இருக்கும். அதை மூடும் தகடுகள் இருக்கின்றனவா பார். இல்லாவிட்டால் காற்று முன்னால் வராமல் அதற்குள்ளால் வந்து அப்படியே திரும்பிப் போய்விடும். கெட்டியான அட்டை வெட்டி அடைத்துவிடு. தகரம் போடாதே, உள்ளே விழுந்தால் எல்லாம் முடிந்தது.

தூசி என்ன நிறம் என்று எழுது. இங்கே மணல் நிறம். உன் ஊரில் என்ன?

ஷுக்ரி

---

பண்டாரவளை
31.05.1988

நானாவுக்கு,

தூசி கறுப்பு.

சாதாரணக் கறுப்பு இல்லை. பிசுபிசு என்று விரலில் ஒட்டுகிறது. பிரஷால் தட்டினால் போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி.

மாமி ஒவ்வொரு நாளும் மஃரிபுக்கு என் அறையில் தட்டு வைத்துச் சாம்பிராணி போடுகிறார். மகன் படுத்திருந்த அறை என்று. ஒரு நாள் தவறியதில்லை. ஜன்னல் பூட்டு, கதவுக்குத் திரை. புகை போக ஒரே வழி இந்த மெஷினின் முன்வாய்தான். விசிறி அதை இழுத்து இழுத்துத் தன் மேலேயே அப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் கம்பனிக்காரர்களிடம் சொல்லுங்கள், இந்த வருத்தம் அவர்கள் புத்தகத்தில் இருக்காது.

ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவரச் சொல்லித் துடைத்தேன். வலைக்குள்ளால் எட்டிய வரைக்கும் விசிறியையும் துடைத்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. தகடு இரண்டு இல்லை, அவர் எதற்கோ கழற்றியிருக்கிறார். அட்டை வெட்டி அடைத்தேன். பாக்கியலெட்சுமி பிடித்துக்கொண்டாள்.

பிறகு மாமியிடம் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யார் சொல்வது? எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பஞ்சைக் காட்டினேன். "மாமி, இந்தப் புகைதான் மெஷினை அடைக்குது. அறையில வேணாம்" என்றேன். அவர் பஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ட புள்ளைக்கு வெக்கிற வாசம் ஒனக்குக் கரியாப் போய்த்தா மகள்?"

அவ்வளவுதான் கேட்டார். தட்டை எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். அவருக்கு இருக்கிறது அந்தப் புகை ஒன்றுதான், நானா. எனக்கு இருக்கிறது இந்த மெஷின். அதைத் தெரிந்துகொண்டேதான் கேட்டேன். கேட்டதும் நெஞ்சு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலிக்கவில்லை. எனக்கு என்ன ஆகிவிட்டது என்று தெரியவில்லை.

மெஷின் கூட ஓடுகிறது. ஆனால் பிள்ளைகள் ஏழு பேரும் வந்து உட்கார்ந்தால், அறை கொதித்து மறுபடி நின்றுவிடுகிறது.

ஜெனீரா

---

தம்மாம்
12.06.1988

ஜெனீரா,

இதை ஹாஷிம் கையில் தந்து அனுப்புகிறேன். பதுளைப் பிள்ளை, லீவில் வருகிறான். ஒரு பொட்டலமும் தருவான். அதில் புது விசிறி இருக்கிறது. நீ பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. பழைய விசிறி உள்ளேயே கிடக்கட்டும். இதை வெளியே, அந்த வட்ட வலைக்கு மேலே வைத்து, நான் அனுப்பியிருக்கும் நீட்டு ஆணிகளால் இறுக்கு. வயரைப் பின்பக்கத்து ஓட்டையால் உள்ளே விட்டு டிஸ்க் டிரைவுக்குப் போகும் பிளக்கோடு மாட்டு. மாறி மாட்ட முடியாத மாதிரி முனை செய்து வைத்திருக்கிறேன். விசிறி ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது வெளியே பார்க்க வேண்டும். உள்ளே பார்த்தால் நீ சூட்டை உள்ளே தள்ளுகிறாய்.

மெஷினை அந்த அறையிலிருந்து எடு. முன்னறையில் ஜன்னலைத் திறந்து வை. நீ அறைக் கதவுத் திரைக்கு உள்ளே இரு. பிள்ளைகள் மெஷினில் என்ன தெரிகிறது என்று வாசிக்கட்டும், நீ உள்ளேயிருந்து சொல்லிக்கொடு. ஏழு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவளுக்கு இது பெரிய வேலை இல்லை. யாராவது ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து அடிக்கடி உள்ளங்கையை மூடி மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்கும் சூடு சரி. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் உடனே அணைக்க வேண்டும்.

அப்படி இடம் மாறினால் உன் மாமி தன் தட்டைத் திரும்ப அறைக்குள் வைக்கலாம். போய்ச் சொல்லு. நீயே சொல்லு.

ஜூலைக்கு முன்னால் இது ஒழுங்காக ஓட வேண்டும். கவனமாகச் செய்.

ஷுக்ரி

---

பண்டாரவளை
28.06.1988

நானாவுக்கு,

விசிறி கிடைத்தது. முதலில் அம்பை உள்ளே பார்க்க வைத்துவிட்டேன். கடதாசி வலையில் ஒட்டிக்கொண்டது. திருப்பிப் போட்டதும் பறந்தது. பாக்கியலெட்சுமி கைதட்டினாள். மெஷின் இப்போது காலையிலிருந்து மாலை வரை ஓடுகிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மெஷினை முன்னறைக்கு எடுத்துவிட்டு மாமியிடம் போய்ச் சொன்னேன். தட்டைத் திரும்ப அறைக்குள் வைக்கச் சொன்னேன். அன்று மஃரிபுக்கே வைத்தார். அடுத்த நாள் முன்னறையில் ஒரு கதிரையைப் போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் திரைக்கு உள்ளே. பிள்ளைகள் வெளியே. "டீச்சர், கீழ ரெண்டாவது வரியில ஏதோ கேக்குதுங்க, ஆமாவா இல்லயான்னு" என்று பாக்கியலெட்சுமி வாசிப்பாள். நான் சொல்வேன். நடுவில் மாமி கையை மூடி மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல மகள்" என்று உள்ளே குரல் கொடுப்பார். மறுபடி மகள் என்று கூப்பிட்டாரே என்று நினைத்தேன். ஒரு கணம் எனக்குள் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது.

இதெல்லாம் முந்தாநாள் வரைக்கும்.

நேற்று லத்தீப் மச்சான் வந்தார். முன்னறையில் நின்று மெஷின் ஓடுவதைப் பார்த்தார். பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னார்: "ஷுக்ரி எழுதின மாதிரியே நடந்தீக்கி. ஜூலைக்குள்ள ஒழுங்காகும், நல்ல சாமானா விக்கலாம் எண்டு எழுதீந்தாரு. அடுத்த மாசம் பதுளையில டியூசன் வகுப்பு நடத்துற டியூட்டரிக்காரரைக் கூட்டிட்டு வாறன், அவரு வாங்குவாரு."

நான் திரைக்கு இந்தப் பக்கம். கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீங்கள் அவருக்கு எழுதினீர்கள். ஏப்ரலிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறீர்களாம். ஜன்னல் திறந்திருக்கிறதா, தூசி என்ன நிறம், அம்பு எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதிய அதே பேனாவால் அவருக்கும் எழுதினீர்கள். இந்த மெஷினை நீங்கள் குளிர வைத்தது எனக்காக இல்லை. நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு என்னை உங்கள் மேல்மாடி அறைக்குள் கொண்டுபோய் வைக்க. சூடாகி நின்றுபோகிற மெஷினை எவனும் வாங்க வந்திருக்க மாட்டான். அது அப்படியே கிடந்திருக்கும். நானும் கிடந்திருப்பேன். அதை ஓட வைத்தது நான்தான். என் கையாலேயே என் வகுப்புக்கு விலை வைத்துவிட்டேன்.

உங்களிடம் கேட்டது என் பிழை. ஆறு வருஷம் எழுதாமல் இருந்தது எவ்வளவு நல்லது என்று இப்போது தெரிகிறது.

பதில் போட வேண்டாம்.

ஜெனீரா

---

தம்மாம்
09.07.1988

ஜெனீரா,

லத்தீப்தான் எனக்கு முதலில் எழுதினார். அவருடைய தம்பியின் சாமான், என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் பதில் எழுதினேன். மூத்தவனாக இருந்தால் நீயும் அப்படித்தான் எழுதியிருப்பாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

கீழே உள்ளதை ஒரு தடவை வாசித்து மனதில் வைத்துக்கொள்.

டியூட்டரிக்காரர் வருகிற நாள், விடியச் சுபஹுக்குப் பிறகு மெஷினைப் போட்டுவிடு. பின்பக்கத்து அட்டைகளைக் கழற்றிவிடு. புது விசிறியின் பிளக்கை உள்ளே உருவி வை, வெளியே பார்த்தால் விசிறி இருக்கிற மாதிரித்தான் தெரியும். பழைய விசிறி வலைக்குள் கொஞ்சம் பஞ்சைத் திணி. மேசையைச் சுவரோடு ஒட்டு. ஜன்னலை மூடு, பனி அடிக்கிறது என்று சொல்லு. ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசித் தேத்தண்ணி குடித்து முடியும்போது எழுத்து நின்றுவிடும். யாரும் வாங்க மாட்டார்கள். அவர்கள் போனதும் உடனே அணைத்துப் பஞ்சை எடுத்துவிடு. ஒரு நாளில் கெட்டுப்போகாது.

விருப்பமென்றால் செய். இல்லாவிட்டால் கிழித்துப் போடு.

மேல்மாடி அறையை யாருக்காவது வாடகைக்குக் கொடுக்கச் சொல்லி ஸகீனாவுக்கு எழுதிவிட்டேன்.

ஷுக்ரி

---

பண்டாரவளை
22.07.1988

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அவர்கள் போன வியாழக்கிழமையே வந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊரில் கடையடைப்பு, தபால் ஒரு கிழமையாக வரவில்லை. வந்திருந்தால் செய்திருப்பேனா தெரியாது. நீங்கள் எழுதியது எல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஒரு மெஷினைக் குளிர வைக்கப் படித்தவளுக்கு அதைச் சூடாக்கவும் தெரியும்தானே. புதன்கிழமை இரவு பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு போய்ப் படுத்துவிட்டேன். போகட்டும் என்று இருந்தது. மெஷின் போகட்டும், வகுப்பு போகட்டும், நானும் எங்கேயோ போகிறேன் என்று இருந்தது. அதில் துக்கம்கூட இல்லை.

மெஷின் இங்கேதான் இருக்கிறது. லத்தீப் மச்சான் தன் பங்குக்கு டைப்ரைட்டர் இரண்டைக் கொண்டுபோனார். நல்லது இரண்டையும்தான் பொறுக்கினார். பரவாயில்லை.

நடந்ததை எழுதுகிறேன். டியூட்டரிக்காரர் நல்ல மனிதர் மாதிரித்தான் பேசினார். மெஷினில் ஒரு பக்கம் டைப் செய்து பார்த்தார். கையை மூடி மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல குளிரா ஈக்கி, மாஷா அல்லாஹ்" என்றார். லத்தீப் மச்சான் எப்போது ஆளை அனுப்பிக் கொண்டுபோவது என்று கேட்டார். நான் திரைக்குள் நின்றுகொண்டிருந்தேன். பாக்கியலெட்சுமியும் அன்று வந்துவிட்டாள், வகுப்பு இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. குசினி வாசலில் நின்றாள்.

மாமி அவருடைய கதிரையில்தான் உட்கார்ந்திருந்தார்.  திடீரென்று சொன்னார்.

"இதுல எனக்கும் பங்கீக்கிதானே மகன்?"

"ஈக்கி உம்மா. ஒங்கட பங்கைச் சல்லியாத் தாறன்."

"எனக்குச் சல்லி வேணாம். என்ட பங்கை நான் அவளுக்குக் குடுத்துட்டன்."

"உம்மா, அவ இத்தா முடிஞ்சி அவட வூட்டுக்குப் போறவ. ஷுக்ரியும் எழுதீக்கிறார்."

மாமி எழுந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையில் நிழல்தான் தெரிந்தது. கதிரையைத் தரையில் இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பிக் கேட்டார். அந்த ஆள் இருக்கிறாரே என்று நினைக்கவில்லை.

"மகள், ஒன்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. நான் கேக்கிறன். என்ட பொடியன் போய்த்தான். இனி விடிஞ்சாப் பொழுதுபட்டா இந்த வூட்டுல ஒரு சத்தமும் ஈக்காது. அந்தப் புள்ளைகள்ற சத்தமும் ஒன்ட சத்தமும்தான் ஈக்கி. என்னால தனியா இரிக்க ஏலா. நீ என்னோட இரிப்பியா?"

அவர் இறந்ததிலிருந்து எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். வெள்ளை உடுத்தச் சொன்னார்கள், உள்ளே இருக்கச் சொன்னார்கள், பொறுமை செய்யச் சொன்னார்கள், புறப்பட்டுப் போகச் சொன்னார்கள். நீங்களும் சொன்னீர்கள். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மாமிதான் கேட்டார். அதுவும் அவருக்கு வேண்டும் என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது, நானா. மார்ச்சிலிருந்து வராதது எல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றது. குரல் வராது என்று நினைத்தேன். இத்தாவில் இருக்கிறவள் அந்நிய ஆணுக்குக் கேட்கும்படி பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

"இரிக்கிறன் மாமி" என்றேன். தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜெனீரா